மிளகும் உப்புமாய் ஒரு எமன்

அபூர்வக் கருப்பைவாய்ப் புற்றுநோய்களை ஸ்லைடில் அடையாளம் காண்பது லேசல்ல.

மைக்ராஸ்கோப்பில் தெரிபவை சிறிய, கருத்த செல்கள். அழற்சியின்போது குவியும் லிம்போசைட்டுகள் என்று எண்ணி ஒதுக்கிவிடலாம். சில சமயம் அந்தத் தவறு உயிரையே பறிக்கும்.

இந்தியாவில் 2022இல் சுமார் 1.27 லட்சம் பெண்களைக் கருப்பைவாய்ப் புற்றுநோய் தாக்கியதாக ஒரு சர்வதேச மதிப்பீடு. பெரும்பாலானவை செதிள் செல் வகை. 'ஸ்மால் செல்' மிக அபூர்வம். ஆனால் சீக்கிரமே நுரையீரல், ஈரல், எலும்பு என்று பரவக்கூடியது.

1940களில் ஜார்ஜ் பாபனிகொலாவ் பிரபலப்படுத்திய பாப் ஸ்மியரில் இதற்குத் தடயங்கள் உண்டு. லிம்போசைட்டுகள் தனித்தனியே கிடக்கும். புற்றுசெல்களோ கொத்தாக ஒட்டிக்கொள்ளும். உட்கருக்கள் ஒன்றையொன்று நெருக்கி வளைந்திருக்கும். குரோமாட்டின், உப்பும் மிளகும் தூவியது போல. சைட்டோபிளாசம் பெயருக்குத்தான். இன்னொரு அபூர்வ ரகமான 'கிளாஸி செல்' நேர் எதிர்: பெரிய செல்கள், தேய்த்த கண்ணாடி போன்ற சைட்டோபிளாசம், எடுப்பான நியூக்ளியோலஸ்.

ஸ்மியர் எழுப்புவது சந்தேகத்தை மட்டுமே. உறுதி செய்வது பயாப்ஸி. ஸ்மால் செல் என்றால் சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் சோதனைகள் கைகொடுக்கும். சிகிச்சையும் மாறுகிறது: நுரையீரல் ஸ்மால் செல் புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டினும் எட்டோபோசைடும் இங்கேயும் பயன்படுகின்றன.

ரிப்போர்ட் 'அழற்சி' என்கிறது, ரத்தப்போக்கோ நிற்கவில்லை. அப்படியானால் டாக்டரிடம் மறுபடியும் போவதே புத்திசாலித்தனம்.