கால் பழைய கதை, கை மரப்பது புதுசு

"சின்னதுலயே போலியோல கால் போயிருச்சுல்லா டாக்டர், அதான் இப்ப கையும் மரக்கு." மேலநீலிதநல்லூரிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் என்னிடம் வரும் மாற்றுத்திறனாளிகள் பலர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். வருவது எப்போது? டம்ளர் கையிலிருந்து நழுவத் தொடங்கிப் பல மாதம் ஆன பிறகு. காலுக்கு வந்த காரணம் வேறு, கைக்கு வந்த காரணம் வேறு.

காலுக்கும் சேர்த்து உழைத்த கை

ஊன்றுகோலை அக்குளில் இடுக்கி உடம்புப் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டால், கைக்குப் போகும் நரம்பு நசுங்கி மணிக்கட்டு தொங்கிவிடும். ஊன்றுகோலின் தலை அக்குளுக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே நிற்க வேண்டும். பாரம் உள்ளங்கையில் இறங்க வேண்டும். சக்கர நாற்காலியைக் கையால் தள்ளுகிறவர்களுக்கு மணிக்கட்டில் நரம்பு அழுந்தும், ராத்திரியில் விரல் மதமதக்கும். நரம்பு மின்கடத்தல் சோதனையில் தெரிந்துவிடும்.

போலியோ திரும்பி வந்துவிட்டதா?

இல்லை. இயற்கையான போலியோ கிருமி தாக்கிய கடைசி நோயாளி இந்தியாவில் கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில். சின்ன வயதில் போலியோ தாக்கியபோது பிழைத்த நரம்பணுக்கள், செத்தவற்றின் வேலையையும் பல பத்தாண்டுகள் இழுத்துச் சுமந்தன. இப்போது அவை தளர்கின்றன. இப்படித் தளர்ந்துபோனவர்களைச் "சோம்பல் படாம நட" என்று வீட்டார் விரட்டுகிறார்கள். தயவுசெய்து விரட்டாதீர்கள். அசந்துபோகும் அளவுக்குப் பயிற்சி செய்தால் பலவீனம் கூடத்தான் செய்யும்.

ஒத்தடம், புற்றுமண், நரம்பு ஊசி

முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழ் உணர்ச்சி இல்லாதவருக்குச் செங்கல் ஒத்தடம் கொடுக்கிறார்கள். சூடு அவருக்குத் தெரியாது. தோல் வெந்த பிறகு நமக்குத்தான் தெரியும். எத்தனை முறை சொன்னாலும் இது நிற்கவில்லை.

படுக்கைப் புண்ணில் சங்கரன்கோவில் புற்றுமண்ணைப் பூசுகிறவர்களும் உண்டு. நெற்றியில் பூசிக் கும்பிடுங்கள். திறந்த புண்ணில் எந்த மண்ணும் படக்கூடாது, இரணஜன்னி உயிரை வாங்கிவிடும்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் 'நரம்பு ஊசி' பெரும்பாலும் வைட்டமின் பி12. குறைபாடு இருந்தால் பலன் உண்டு. நசுங்கிய நரம்பை அது விடுவிக்காது. பேர் தெரியாத வலி மாத்திரையில் ஸ்டீராய்டு இருந்தால் எலும்பு அரிக்கும், சர்க்கரை ஏறும். யாரைக் கேட்டு விழுங்குகிறீர்கள்?

கழுத்திலோ நெஞ்சுக்கு நேராகவோ தண்டுவடம் அடிபட்டவருக்குத் திடீரென மண்டை பிளக்கும் வலியும் முகத்தில் வேர்வையும் வந்தால், தலைவலி மாத்திரை கொடுத்துப் படுக்கவைக்காதீர்கள். சிறுநீர்க் குழாய் அடைத்து ரத்த அழுத்தம் எகிறியிருக்கலாம். நிமிர்த்தி உட்காரவையுங்கள், உடையைத் தளர்த்துங்கள், குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

உதவி பக்கத்திலேயே இருக்கிறது

1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் எஸ். ராமகிருஷ்ணன். மாற்றுத்திறனாளிகளுக்காக அவர் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், நம் தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியில்தான் இருக்கிறது. 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். சங்கத்தை நடத்த அவருக்குத் தோள் கொடுத்த எஸ். சங்கரராமனுக்கும் தசைச்சிதைவு நோய் உண்டு. வீட்டைவிட்டு நகர முடியாதவர்கள், 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியரிடம் இயன்முறை சிகிச்சை கேளுங்கள்.

உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். நாற்காலியில் இருப்பவர் அரைமணிக்கு ஒருமுறையாவது உடம்பைத் தூக்கி இறக்கட்டும். இன்று ராத்திரி விளக்கை அணைப்பதற்கு முன் முதுகு, பிட்டம், குதிகால் மூன்றையும் பாருங்கள். விரலால் அழுத்தியும் சிவப்பு மறையவில்லை என்றால் விடிந்ததும் அழைத்து வந்துவிடுங்கள்.