கருவி தராமல் கணக்குக் கேட்பதா?

"இனி வீட்டிலிருந்தே வேலை செய்யலாம்" என்று நிர்வாகத்தார் அறிவித்தால், ஏதோ பெரிய வரம் கிடைத்துவிட்டதாகச் சிலர் மகிழ்ந்து போகிறார்கள். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும் அவதி குறைகிறது, நாம் மறுக்கவில்லை. ஆனால் தோழர்களே, ஒன்று கேட்கிறோம். வேலை வீட்டுக்கு வந்தது. வேலைக்குரிய கருவி வந்ததா?

பட்டறையில் டூல் ரூம் எப்படி நடக்கிறது என்பது நம் தோழர்களுக்குத் தெரியும். பித்தளை டோக்கனைக் கொடுத்தால் மைக்ரோமீட்டர் கிடைக்கும். திருப்பிக் கொடுத்தால் டோக்கன் கைக்கு வரும். 25 பேர் வேலை செய்யும் இடத்தில் 10 மைக்ரோமீட்டர் இருந்தால் போதும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அது தேவைப்படாது. பொதுக் கருவி, பொது ஒழுங்கு. இதில் குறை ஒன்றுமில்லை.

கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் தோழர்களின் கருவியும் இப்படித்தான் பங்கிடப்படுகிறது. அந்தக் கருவி, மென்பொருள். அதை இயக்க லைசென்ஸ் வேண்டும். நிறுவனம் 10 லைசென்ஸ் வாங்கி ஒரு சர்வரில் வைக்கிறது. மென்பொருளைத் திறந்தால் ஒன்று எண்ணிக்கையில் குறையும், மூடினால் திரும்பும். பதினோராவது ஆள் கேட்டால் "இல்லை" என்று பதில் வரும். இதற்குரிய டூல் ரூம் காவலன்தான், 1980-களின் இறுதியில் அமெரிக்காவில் உருவாகிப் பல நாடுகளில் பரவிய பிளெக்ஸ்எல்எம் என்னும் ஏற்பாடு.

அலுவலகச் சுவருக்குள் எல்லாம் சரி. சுவரைத் தாண்டினால்? 2020 மார்ச் 25-இல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது இந்தக் கேள்வி எழுந்தது. ஆட்கள் வீட்டில், சர்வர் பூட்டிய கட்டடத்தில். வி.பி.என். என்னும் தனிவழி போட்டுத்தான் சர்வரை எட்ட வேண்டும். வீட்டுச் சிக்னல் அறுந்தால் அந்த வழியும் அறும். சிறிது நேரத்தில் மென்பொருள் நின்றுவிடும். கைவிட்டுப்போன லைசென்ஸ் உடனே திரும்புவதுமில்லை. அறுந்த ஆளின் பேரிலேயே அது சர்வரில் நின்றுகொண்டிருக்க, அடுத்தவர் காத்துக் கிடப்பார்.

இன்னொரு வேடிக்கை பாருங்கள்! அந்தக் காவலன் இரண்டு கதவு வைத்திருக்கிறான். முதல் கதவின் எண் வழக்கமாக 27000-லிருந்து 27009-க்குள் இருக்கும். அதைத் தட்டினால் அவன் இரண்டாம் கதவுக்கு அனுப்புவான். அந்த இரண்டாம் கதவின் எண்ணை நிர்வாகம் நிலையாகக் குறித்து வைக்காவிட்டால், சர்வரை நிறுத்தித் தொடங்கும்போது எண் மாறிப்போகும். நேற்று வேலை செய்தவருக்கு இன்று கதவு அடைப்பு! ஒரே ஒரு வரி எழுதினால் தீரும் கோளாறு. எழுதாதது யார் குற்றம்? பேச்சு வாங்குவது யார்?

வழி இல்லாமலா போயிற்று? இருக்கிறது. பட்டறையில் கருவியை வெளியே கொண்டுபோக கேட் பாஸ் தருவதுபோல், லைசென்ஸைக் கடனாக எடுத்துச் செல்லும் வசதியைப் பல மென்பொருள்கள் தருகின்றன. தேதி குறித்து மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டால் அதுவரை நெட் இல்லாமலே வேலை நடக்கும். தேதி முடிந்ததும் லைசென்ஸ் தானே பொதுக் கணக்குக்குத் திரும்பிவிடும். எவ்வளவு நாள் கடன் தரலாம், எத்தனை லைசென்ஸ் எப்போதும் அலுவலகத்தில் மிஞ்ச வேண்டும், சும்மா திறந்து வைத்தவரிடமிருந்து எத்தனை நிமிடத்தில் திரும்ப எடுக்கலாம் என்பதையெல்லாம் சர்வரின் ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்கலாம்.

வியாபாரிகளின் போக்கையும் கவனிக்க வேண்டும். ஆட்டோகேட் விற்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம், 2020 ஆகஸ்ட் 7 முதல், பொது லைசென்ஸைப் புதுப்பிக்க வருவோருக்கு ஒன்றுக்குப் பதிலாக ஆள் பெயர் குறித்த லைசென்ஸ் இரண்டு என்று மாற்றித் தரத் தொடங்கியது. வீட்டில் இருப்பவருக்கு இது வசதிதான். சர்வரைத் தேட வேண்டாம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 லைசென்ஸை 25 பேர் மாறி மாறிப் பயன்படுத்திய இடத்தில் 20 பேருக்குப் பெயர் கிடைக்கும். மீதி ஐவர்?

இங்கேதான் ஆபத்து நுழைகிறது. "எப்படியாவது முடித்துக் கொடு" என்கிறார் மேலாளர். அந்த "எப்படியாவது" என்பதற்குப் பொருள் என்ன? திருட்டுப் பிரதி! 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவு, திருட்டுப் பிரதி எனத் தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. நிறுவனம் செய்த குற்றமானால் பொறுப்பில் இருந்தவரும் குற்றவாளி என்று 69-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் வாய்ச்சொல்லுக்குச் சாட்சி ஏது? பிரதி இருப்பதோ தொழிலாளியின் வீட்டுக் கம்ப்யூட்டரில்! ஆகவே தோழர்களே, அந்த வலையில் விழாதீர்கள். "லைசென்ஸ் இல்லை, வேலை நிற்கிறது" என்று எழுத்தில் தெரிவியுங்கள்.

உங்களுக்குச் சாட்சி சர்வரிலேயே இருக்கிறது. யார் எப்போது எடுத்தார், எப்போது திருப்பினார், யாருக்கு எத்தனை மணிக்கு மறுக்கப்பட்டது என்பதெல்லாம் அதன் குறிப்பேட்டில் பதிவாகும். "ஏன் வேலை முடியவில்லை?" என்று கேட்கும் நிர்வாகத்தார் முதலில் அந்த ஏட்டைப் புரட்டட்டும். மறுப்பு நாள்தோறும் விழுந்தால் கருவி பற்றவில்லை என்று பொருள். தொழிலாளி சோம்பேறி என்று பொருளல்ல.

ஆகவே நாம் கேட்பவை இவை. உச்ச நேரத்தில் எத்தனை பேருக்குத் தேவையோ, அதை எண்ணி லைசென்ஸ் வாங்குங்கள். வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்து பயன்படுத்த ஒப்பந்தம் இடம் தருகிறதா என்று பார்த்த பின் ஆளை அனுப்புங்கள். சில ஒப்பந்தங்கள் குறிப்பிட்ட இடத்தைத் தாண்ட விடுவதில்லை. மறுப்பு விழுந்த நேரத்தைத் தொழிலாளியின் கணக்கில் பிடிக்காதீர்கள். குறிப்பேட்டை ஆளை வேவு பார்க்கும் கருவியாக்காதீர்கள்.

நமக்கும் கடமை உண்டு. சாப்பிடப் போகும்போது மென்பொருளை மூடுங்கள். நான்கு நாள் வேலைக்கு நாற்பது நாள் கடன் எடுக்காதீர்கள். நாம் பூட்டி வைப்பது நிர்வாகத்தின் சொத்தையல்ல, பக்கத்துத் தோழனின் அன்றைய வேலையை!

கருவியைக் கொடு, பிறகு கணக்கைக் கேள். தொழிலாளி கேட்பது சலுகையன்று, நியாயம்!