போதகர் ஸ்பர்ஜனின் மனச்சோர்வு

1856ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19ஆம் நாள், ஞாயிறு மாலை. இலண்டன் மாநகரின் சர்ரே தோட்ட இசை மண்டபத்தில் பல்லாயிரம் மக்கள் கூடியிருந்தனர். பிரசங்கம் செய்ய வந்திருந்தவர் சார்லஸ் ஸ்பர்ஜன் என்னும் இளம் போதகர்; வயது 22. ஆராதனை நடந்துகொண்டிருக்கையில் கூட்டத்தினின்று “தீ, தீ” என்று ஒரு கூக்குரல் எழுந்தது. உண்மையில் தீ எதுவும் இல்லை. ஆயினும் மக்கள் வாயில்களை நோக்கி முண்டியடித்து ஓடினர். நெரிசலில் 7 பேர் மாண்டனர், பலர் படுகாயமுற்றனர்.

போதகரை நண்பர் ஒருவரின் இல்லத்திற்குக் கொண்டு சென்றார்கள். அவருக்கு இரட்டை ஆண்மக்கள் பிறந்து அப்பொழுது ஒரு மாதமே ஆகியிருந்தது. அந்நாட்களில் வேதாகமத்தைக் கண்ணால் கண்டாலே அழுகை பொங்கியதென அவரே பின்னர் எழுதியுள்ளார். இரண்டு வாரங்களில் மீண்டும் பிரசங்க பீடம் ஏறினார் எனினும், மனச்சோர்வு அவரை விட்டகலவில்லை. 1892இல் கண் மூடும் வரை வருவதும் போவதுமாக உடன் இருந்தது.

ஸ்பர்ஜனின் பெயரை நம் கிறிஸ்தவ அன்பர்கள் பலர் அறிவர். 1861இல் அவர் திறந்துவைத்த ஆலயத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினர்; அவருடைய பிரசங்கங்கள் வாரந்தோறும் அச்சாகிக் கடல் கடந்து சென்றன. இவ்வளவு பெரிய விசுவாசிக்கு இந்நோய் எவ்வாறு வந்தது என்று வியப்போர் உண்டு. வியப்பதற்கு ஒன்றுமில்லை. அவருக்குக் கீல்வாதமும் இருந்தது. அதனைக் கண்டு அவருடைய விசுவாசத்தை எவரும் ஐயுறவில்லையே!

அவர் தம் நோயை மறைக்காமல் பேசினார் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. போதகர் பணிக்குப் பயின்ற மாணவர்க்கு அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் 1875இல் நூலாக வெளிவந்தன. அவற்றுள் ஒன்று முழுவதும் போதகர்களுக்கு நேரும் சோர்வைப் பற்றியது. பெரும் வெற்றிக்குப் பின்னும், பெரும் பணிக்கு முன்னும், இடைவிடாத உழைப்பின் நடுவிலும், ஒரே பேரிடி விழுந்த வேளையிலும் சோர்வு வரலாம் என்று கூறிச் செல்லும் அவர், காரணமே இன்றியும் அது வரும் என்கிறார். அத்தகைய சோர்வோடு வாதிட்டு வெல்ல இயலாது என்பது அவர் கருத்து. ஓய்வு நாளை விடாது கொள்ளுமாறும், புத்தகமே கதியென அறைக்குள் அடைந்திராது காற்றாட நடக்குமாறும் மாணவர்க்கு அறிவுறுத்தினார். தாமும் பிற்காலத்துக் குளிர்மாதங்களில் பிரான்சு நாட்டின் தென்கரையிலுள்ள மென்டோன் என்னும் ஊருக்குச் சென்று வெயிலில் தங்குவார். உயிர் பிரிந்ததும் அவ்வூரிலேதான். இத்துன்பத்தில் இறைவனின் நோக்கம் ஒன்று உண்டென்றும் அவர் நம்பினார். அது அவர் நம்பிக்கை. மருத்துவத்தை ஒதுக்குவதற்கு அதனைச் சான்றாகக் காட்டுவது முறையன்று.

வேதாகமத்திலேயே எலியா தீர்க்கதரிசியின் கதையை எண்ணிப் பாருங்கள். கர்மேல் மலையில் மாபெரும் வெற்றி கண்டவர், அடுத்துச் சாவுக்கு அஞ்சி ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் அமர்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறார். அங்கு வந்த தூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் தருகிறான். அவர் உண்டு உறங்குகிறார். மறுபடியும் எழுப்பி உண்ணச் செய்கிறான். “இங்கே உனக்கு என்ன வேலை” என்ற கேள்வியெல்லாம் அதற்கு நெடுநாள் கழித்துத்தான்!

நம் வீடுகளில் நடப்பதோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. வெளிமாநிலத்தில் குடியேறிய நமக்குச் சபையே சுற்றம்; ஆகவே ஒருவர் ஆராதனைக்கு வராதிருந்தால் செய்தி விரைவில் பரவுகிறது. பார்க்க வருவோர், “ஜெபம் குறைந்துவிட்டது”, “மறைந்த பாவம் ஏதேனும் இருக்கும்” என்று சொல்லிச் செல்கின்றனர். நல்லெண்ணத்தோடுதான் சொல்கின்றனர். ஆனால் காரணமற்ற குற்றவுணர்வு இந்நோயின் அறிகுறிகளுள் ஒன்று. தாம் கைவிடப்பட்டவர் என்று ஏற்கெனவே நம்பியிருப்பவரிடம் இச்சொல் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? ஜெபிக்க வருவோர் ஜெபிக்கட்டும். போகுமுன் அடுப்படியில் ஒரு பானைக் கஞ்சியும் வைத்துவிட்டுப் போகட்டும்.

இரண்டு வாரங்களுக்கு மேலாக நாள்தோறும் துயரம் கவிந்திருத்தல், முன்பு விரும்பிய பாட்டிலும் பேச்சிலும் நாட்டம் அறுதல், உறக்கமும் பசியும் கெடுதல், களைப்பு ஆகியவை மருத்துவரை நாட வேண்டிய அடையாளங்கள். நம் பெண்களிடம் இது பல வேளைகளில் தலைவலியாகவும் உடல்வலியாகவுமே வெளிப்படும். ஸ்பர்ஜன் காலத்தில் இதற்கு ஏற்ற மருந்து கிடையாது. இன்று உண்டு, பேச்சுவழிச் சிகிச்சையும் உண்டு. மருந்து பலன் தரச் சில வாரங்கள் செல்லும். சற்றுத் தெளிந்தவுடன் ‘இனி விசுவாசமே போதும்’ என்று தாமாக நிறுத்திவிடுதல் கூடாது. சாவைப் பற்றி ஒருவர் பேசினால் அதனை மிரட்டல் எனத் தள்ளாது, அவரைத் தனியே விடாது, அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

கிறிஸ்தவ மிஷன் பணியில் முளைத்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, 1957 முதல் அந்நகரின் பாகாயம் பகுதியில் மனநல மருத்துவமனை ஒன்றை நடத்தி வருகிறது. அங்கு நோயாளியுடன் குடும்பத்தார் ஒருவரும் தங்குவது வழக்கம். கவனிக்கும் முறையை வீட்டாரும் கற்றுக்கொள்கின்றனர். விடுமுறைக்கு ஊர் செல்வோருக்கு இது பயன்படும்.

அவ்வளவு தொலைவு செல்ல இயலாதோர்க்கு, இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ தொலைபேசி உதவி உள்ளது. எண் 14416. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், மொழியைத் தேர்ந்துகொள்ளும் வசதி இருப்பதால் தமிழிலேயே பேசலாம். இந்தியோ மராத்தியோ வங்காளமோ சரளமாக வராத தாய்மார் உள்ளூர் மருத்துவரிடம் செல்கையில், வீட்டார் ஒருவர் உடன் சென்று மொழிபெயர்த்தல் நன்று. ஆனால் பிள்ளைகளை அவ்வேலைக்கு அனுப்பாதீர்கள். பிள்ளை கேட்க எந்தத் தாயும் எல்லாவற்றையும் சொல்லிவிட மாட்டாள்.