கலஹாரியில் பகை யார்?

போட்ஸ்வானாவின் மத்திய கலஹாரி வனவிலங்குக் காப்பகம் ஏறத்தாழ 52,800 சதுர கிலோமீட்டர், கேரளத்தைவிடப் பெரியது. இவ்வளவு நிலத்தில் ஆண்டு முழுதும் வற்றாத ஆறோ குளமோ ஒன்றுகூட இல்லை. அங்குள்ள டிசப்ஷன் பள்ளத்தாக்கு என்பதே என்றோ வற்றிப்போன ஆற்றின் தடம்தான். கோடைமழை பெய்தால் அங்கே புல் முளைக்கும், மான்கள் கூடும். மற்ற மாதங்களில் ஜெம்ஸ்பாக் மானுக்குத் தண்ணீர் என்றால் சம்மா என்ற காட்டுத் தர்பூசணியும் கிழங்குகளும்தான். உச்சி வெயிலில் அது வியர்த்து நீரை வீணாக்காது. உடம்பைச் சூடேற விட்டுவிடும். மூளைக்குப் போகும் ரத்தம் மட்டும், மூக்கில் குளிர்ந்துவரும் ரத்தத்தின் அருகே ஓடிச் சூடு தணியும். வில்டபீஸ்ட் மந்தைகளால் அவ்வளவு வறட்சியைத் தாங்க முடியாது. வறட்சி வந்தால் வடகிழக்கே போட்டெட்டி ஆற்றையும் சாவ் ஏரியையும் நோக்கி நடப்பதொன்றே அவற்றுக்கு வழி. அந்த வழியைத்தான் 1950-களில் போட்ட குக்கே வேலி மறித்தது. 1980-களின் வறட்சியில் பல்லாயிரம் வில்டபீஸ்டுகள் செத்தன.

மாட்டுக்குக் கோமாரி பரவாமலிருக்கப் போட்ட வேலி அது. இல்லாவிட்டால் ஐரோப்பா இறைச்சி வாங்காது என்பார்கள். நியாயம்தான். 1966-இல் விடுதலை பெற்றபோது அந்த ஏழை நாட்டுக்கு வேறு வருமானம் அதிகமில்லை. ஆனால் வில்டபீஸ்டுகளின் இழப்பை ஏற்ற அரசு, 1997-இலும் 2002-இலும் காப்பகத்தில் வாழ்ந்த சான் மக்களை வெளியேற்றியபோது சொன்ன காரணங்களில் ஒன்று வனவிலங்குப் பாதுகாப்பு! 1961-இல் காப்பகத்தை அமைத்ததன் நோக்கங்களில் ஒன்றே அவர்களுடைய வாழ்க்கையைக் காப்பது. அவர்கள் குதிரையேறி வேட்டையாடுகிறார்கள், ஆடு வளர்க்கிறார்கள் என்ற வாதத்தை முழுப்பொய் என்று தள்ள முடியாது. அதற்குத்தான் வேட்டை உரிமம் என்ற ஏற்பாடு இருந்தது, எண்ணிக்கையைக் குறைத்திருக்கலாம். அதே காப்பகத்துக்குள், கோப்பேயில், வைரச் சுரங்கத்துக்கு அனுமதி கிடைத்து, 2014-இல் திறக்கவும் செய்தார்கள். வில்லையும் அம்பையும் தாங்காத காடு சுரங்கத்தை மட்டும் எப்படித் தாங்கும்?

அவர்களுக்கு அரசு வேட்டை உரிமம் மறுத்தது சட்டவிரோதம் என்று 2006-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காப்பகத்துக்குள் மோத்தொமேலோவில் அரசு மூடிய ஆழ்துளைக் கிணற்றைத் திறந்துகொள்ளும் உரிமை 2011-இல், மேல்முறையீட்டில்தான் கிடைத்தது. அதுவும் அவர்கள் சொந்தச் செலவில்.