'உங்க ஹாபி என்ன?' - பெசன்ட் நகர் கடற்கரையில் கிடைக்கும் பதில்!

வேலைக்கான நேர்முகத் தேர்வில் தவறாமல் வரும் கேள்வி, 'உங்க ஹாபி என்ன?' என்பது. எதிரில் இருப்பவரின் பதற்றம் குறையட்டும் என்றுதான் பெரும்பாலும் இதைக் கேட்பார்கள். ஆனால், பலர் தடுமாறுவது இங்கேதான். 'புக்ஸ் படிப்பேன், பாட்டு கேட்பேன்' என்று பதில் வரும். 'கடைசியா என்ன புக் படிச்சீங்க?' என்று அடுத்த கேள்வி வந்ததும் பேச்சு நின்றுவிடும்.

ஒரே பட்டம், ஏறக்குறைய ஒரே மதிப்பெண், ஒரே மாதிரி புராஜெக்ட் என்று நூறு பேர் வந்து நிற்கும் இடத்தில், ஒருவரைத் தனியாக நினைவில் வைக்க உதவுவது அவர் விரும்பிச் செய்யும் ஏதாவது ஒரு வேலை. அது விசித்திரமாக இருக்க வேண்டும் என்பதில்லை. நம்மை நம்பி ஒரு பொறுப்பு இருக்க வேண்டும். செய்ததற்கு ஒரு தடம் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பொழுதுபோக்குகளுக்குத் தென்சென்னையில் பஞ்சமே இல்லை.

நள்ளிரவில் ஒரு நடை

ஜனவரி பிறந்தால் சென்னைக் கடற்கரைக்கு விருந்தாளிகள் வருவார்கள். ஆலிவ் ரிட்லி எனப்படும் கடல் ஆமைகள். பங்குனி வாக்கில் முட்டையிடக் கரையேறுவதால் மீனவர்கள் இவற்றைப் 'பங்குனி ஆமை' என்பார்கள். இருட்டில் ஊர்ந்து வந்து, மணலில் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, நூறு முட்டைகளுக்கு மேல் இட்டு, மூடிவிட்டுத் திரும்பிப் போய்விடும். அதன் பிறகு அந்த முட்டைகளுக்கு நாய், நரி, மனிதர்களின் கால் என்று எல்லாமே ஆபத்து. தப்பிப் பொரிந்த குஞ்சுகளுக்கும் நகரத்தின் விளக்கு எமன். கடலின் வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டு தெருவிளக்கை நோக்கிப் போய்விடும்.

இதைத் தடுக்க 1988-ல் சில கல்லூரி மாணவர்கள் ஒன்றுசேர்ந்து தொடங்கியதுதான், மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு. இன்றுவரை தன்னார்வலர்களால்தான் நடக்கிறது. ஆமை வரும் மாதங்களில் நள்ளிரவு நீலாங்கரையில் தொடங்கி, பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை வரை நடப்பார்கள். டிராக்டர் டயர் போன மாதிரி மணலில் தடம் தெரிந்தால், ஆமை வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். குச்சியால் மெல்லக் குத்திப் பார்த்து, மணல் இளகியிருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். குழியின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்து, முட்டைகளை எண்ணிப் பையில் எடுத்துக்கொள்வார்கள். பொரிப்பகத்தில் அதே அளவில் குழி தோண்டிப் புதைத்து, தேதியையும் எண்ணிக்கையையும் எழுதிவைப்பார்கள். சுமார் 45 நாள்களில் குஞ்சுகள் வெளியே வரும்.

இதில் கற்றுக்கொள்ள எவ்வளவு இருக்கிறது பாருங்கள். குழுவோடு வேலை செய்ய வேண்டும். அளவு தப்பக் கூடாது. குறித்த நேரத்தில் வர வேண்டும். நடைக்கு வரும் பள்ளிக் குழந்தைகளுக்கும் தாத்தா, பாட்டிகளுக்கும் புரிகிற மாதிரி விளக்கிச் சொல்ல வேண்டும். நான்கு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளை, நாற்பது பேர் சூழ்ந்து நிற்க, 'மணல் சூடு அதிகமா இருந்தா பெண் குஞ்சு, குறைவா இருந்தா ஆண் குஞ்சு' என்று சொல்லத் தொடங்கும்போது, தன்னம்பிக்கை வகுப்பு எதற்கு?

மனம் தளரும் நாள்களும் உண்டு. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. அதையும் எண்ணிப் பதிவு செய்ய ஆட்கள் நடந்துகொண்டிருந்ததால்தான் விஷயம் ஊருக்குத் தெரியவந்தது.

கரையில் தொடங்கிய வாழ்க்கை

இந்த நடைக்கு ஒரு முன்கதை உண்டு. 1970-களில் சென்னை ஐ.ஐ.டி.க்கு இன்ஜினியரிங் படிக்க வந்தவர் சதீஷ் பாஸ்கர். வகுப்பறையைவிடக் கடல்தான் அவரை இழுத்தது. பக்கத்திலேயே ராமுலஸ் விட்டேக்கரின் கிண்டி பாம்புப் பண்ணை. அங்கே களப்பணியாளராகச் சேர்ந்தவர், இந்தியாவின் கடற்கரைகளையும் தீவுகளையும் கால்நடையாகவே சுற்றி, ஆமைகள் எங்கெங்கே முட்டையிடுகின்றன என்று கணக்கெடுத்தார்.

1982 மழைக்காலத்தில், லட்சத்தீவுகளில் ஆளில்லாத சுஹேலித் தீவில் மாதக்கணக்கில் தனியாகத் தங்கினார். தபால் போக வழியில்லை. மனைவிக்குக் கடிதம் எழுதி, பாட்டிலில் அடைத்துக் கடலில் வீசினார். 24 நாள்கள் கழித்து இலங்கையில் ஒரு மீனவர் கையில் அது கிடைத்தது. அவர் அதை அக்கறையோடு தபாலில் சேர்க்க, கடிதம் மனைவிக்கு வந்து சேர்ந்தது! 2023-ல் சதீஷ் பாஸ்கர் மறைந்தார். இந்தியக் கடல் ஆமை ஆய்வுக்கு அவர் எடுத்த குறிப்புகள்தான் அஸ்திவாரம்.

1988-ல் நடக்கத் தொடங்கிய மாணவர்களில் ஒருவர் கார்த்திக் ஷங்கர். இப்போது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சூழலியல் பேராசிரியர். கடல் ஆமைகள் பற்றிய நூல்களின் ஆசிரியர். மாணவப் பருவத்து இரவு நடையே அவருக்குத் தொழிலாகிவிட்டது.

வேலையை விடாமலேயே...

'இதெல்லாம் படிப்பைக் கெடுத்துவிடாதா?' என்ற பெற்றோரின் கவலை நியாயமானதுதான். எல்லோரும் சதீஷ் பாஸ்கர் போல வாழ்க்கையையே மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. கைவசம் இருக்கும் வேலையை விடாமல் சாதித்தவர்களும் உண்டு.

ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரி. அலுவலகக் கோப்புகளுக்கு நடுவே, ஓய்வு நேரத்தில் அவர் படித்தது தமிழ் பிராமி கல்வெட்டுகளை. 1965-ல் கரூர் அருகே புகளூர்க் கல்வெட்டில் சங்க காலச் சேர மன்னர்களின் பெயர்களை வாசித்துக் காட்டினார். 1977-ல் சிந்துவெளி எழுத்துகளுக்கான தொகுப்பு நூலை வெளியிட்டார். விருப்ப ஓய்வுக்குப் பிறகு 1987 முதல் 1991 வரை 'தினமணி' ஆசிரியராகவும் இருந்தார். உலகம் இன்று அவரை அறிந்திருப்பது, ஓய்வு நேரத்தில் செய்த அந்த வேலைக்காகத்தான்.

அண்மைக்கால உதாரணம், சண்முக சுப்பிரமணியன். மதுரையைச் சேர்ந்த இந்த மெக்கானிக்கல் இன்ஜினியர் சென்னையில் வேலை பார்த்தவர். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2 திட்டத்தின் விக்ரம் லேண்டர் நிலாவில் விழுந்து தொடர்பு அறுந்தது. நாசா வெளியிட்ட படங்களைத் தன் கம்ப்யூட்டரில் பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு சின்னப் புள்ளி புதிதாக இருப்பதைக் கண்டுபிடித்தார். நாசாவுக்கு மெயில் அனுப்பினார். அது விக்ரமின் சிதறல்தான் என்று டிசம்பரில் நாசா உறுதி செய்து, அவர் பெயரையும் அறிவித்தது. அவர் கையில் இருந்தது கம்ப்யூட்டரும் பொறுமையும்தான்.

உங்களுக்கு எது?

* அடையாறுக்காரர்களா? ஆமை நடை, அடையாறு முகத்துவாரத்திலும் பள்ளிக்கரணையிலும் பறவை பார்ப்பது. 1978 முதல் இயங்கும் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போன்ற அமைப்புகளில் சேர்ந்தால் வழிகாட்ட ஆள் கிடைப்பார்கள்.

* மயிலாப்பூரா? கோயில் கல்வெட்டு வாசிக்கப் பழகலாம். மாட வீதிகளில் மிச்சமிருக்கும் பழைய வீடுகளைப் படம் பிடித்து, அவற்றின் கதையைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதலாம்.

* தி.நகரா? இன்று கூட்டம் அலைமோதும் இந்த இடம், ஒரு காலத்தில் நீண்ட ஏரி. 1920-களில் அதைத் தூர்த்துத்தான் ஊர் உருவானது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்று பெயர் மட்டும் மிச்சம். இப்படித் தெருப் பெயர்களின் வரலாற்றைத் தேடித் தொகுத்தால், ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி நடக்கும் சென்னை தினக் கொண்டாட்டத்தில் நீங்களே ஒரு நடையை வழிநடத்தலாம்.

தேர்ந்தெடுக்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். செலவு கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும். கற்றுத்தர ஒரு குழு இருக்க வேண்டும். இரவு நடை என்றால் தனியாகப் போகாமல் குழுவோடு மட்டுமே போக வேண்டும். ஆறு மாதமாவது விடாமல் செய்ய முடிய வேண்டும்.

எப்படிச் சொல்வது?

'ஆமைகள்னா பிடிக்கும்' என்பது பதில் ஆகாது. 'ரெண்டு சீசனா வாரம் ஒரு ராத்திரி நடக்கிறேன். முட்டைக் கணக்கு எழுதற பொறுப்பு என்னுடையது' என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த கேள்வி எதுவாக இருந்தாலும் உங்களிடம் பதில் இருக்கும். நீங்களே செய்தது என்பதால், மனப்பாடம் செய்யவும் வேண்டாம், மறந்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம். ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறினாலும் விஷயம் தடுமாறாது. தேதி போட்டு எழுதிய ஒரு நோட்டும் நாலைந்து படங்களும் கையில் இருந்தால் இன்னும் நல்லது.

இதனால் மட்டுமே வேலை கிடைத்துவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. படிப்பும் திறமையும் முதலில் வேண்டும். ஆனால், அன்று வேலை கிடைக்காமல் வீடு திரும்பினாலும், அந்த வார இரவு நடைக்கு உங்களை எதிர்பார்த்துப் பத்துப் பேர் நீலாங்கரையில் காத்திருப்பார்கள். அடுத்த இன்டர்வியூவுக்குத் தலைநிமிர்ந்து போக அது போதும்!