நோட்ஸ் கொடுக்காத ஃபாதர் ரசீன்

போன வாரம் ஸ்ரீமுஷ்ணத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இன்டர்னல் டெஸ்ட் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். வகுப்பில் அவசரத்தில் நான் போர்டில் தப்பாகப் போட்ட ஒரு மைனஸ் குறி, பதினோரு தாளில் அப்படியே இருந்தது. ஒருத்தர்கூட "சார், இது தப்பு"ன்னு கேட்கலை. சுத்தமா நோட்ஸ் கொடுக்கிற வாத்தியார்னு எனக்கு நல்ல பேர் வேற! அப்போதான் ஃபாதர் ரசீன் ஞாபகம் வந்தது.

சார்ல்ஸ் ரசீன் பிரெஞ்சுக்காரர், இயேசு சபைப் பாதிரியார். பாரிஸில் எலீ கார்த்தனிடம் ஆய்வு செய்து 1934-ல் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1937-ல் இந்தியா வந்தார். முதலில் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி, 1939 முதல் சென்னை லயோலா. அன்றைக்கு நம்ம ஊர் ஆனர்ஸ் கணிதம் கேம்பிரிட்ஜ் பாணியில் இருந்தது: கஷ்டமான கணக்குகளை வேகமாகப் போட்டுப் பழகுவது. ரசீனுக்கோ ஆந்த்ரே வெய்ல், ஆன்றி கார்த்தன் எல்லாம் நண்பர்கள். கணிதத்தையே புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த கூட்டம் அது.

அவருடைய வகுப்பு கோர்வையாக இருக்காது என்று அவரிடம் படித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் சிலபஸுக்கு வெளியே ஒரு பெரிய உலகம் இருக்குன்னு அந்த வகுப்பில் தெரிந்துவிடும். புதுப் புத்தகங்களைக் காட்டுவார். ஆர்வமுள்ள பையன்களை பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போகச் சொல்வார். எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்ரியும் 1953-ல் அப்படித்தான் போனார்கள். 1965-ல் இருவர் பெயரிலும் ஒரு தேற்றம் வந்தது. சி. பி. ராமானுஜத்துக்கு எழுதிய சிபாரிசுக் கடிதத்தில், சொந்தமாக யோசிக்கிறவன், தெரிந்துகொள்ளும் தாகம் உள்ளவன் என்றுதான் அழுத்தி எழுதினார்.

ஆனா ஒண்ணு. ரசீன் வகுப்பில் பின்பெஞ்சில் புரியாமல் உட்கார்ந்திருந்தவன் கதையை யாரும் எழுதி வைக்கலை. என் வகுப்பில் பாதிப்பேர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். அவர்களைக் குழப்பத்தில் விட்டுவிட்டு, "நான் ரசீன் வழி"ன்னு சொல்லிக்க எனக்கு மனசு வராது.

அதனால் ஒரு சின்ன ஏற்பாடு செய்தேன். நோட்ஸ் வழக்கம்போல உண்டு. ஆனால் தினமும் போர்டில் வேண்டுமென்றே ஒரு தப்பு இருக்கும். கடைசிப் பத்து நிமிஷம் அதைத் தேடணும். முதல் ரெண்டு நாள் ஒரே மௌனம். மூணாவது நாள் ஒரு மாணவி எழுந்து, "சார், மூணாவது வரியில் பூஜ்யத்தால் வகுத்திருக்கீங்க"ன்னா. நான் வைத்த தப்பு ஆறாவது வரியில் இருந்தது. அவள் சொன்னதும் சரிதான்.

இதனால் பாடம் ரெண்டு பீரியட் பின்தங்கியிருக்கு. மாடல் எக்ஸாமுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை வகுப்பு வைக்கணும்.