மளுக்கென்று ஒரு சத்தம்

கழுத்து பிடித்துக்கொண்டவரை உட்காரவைத்து, தாடையைப் பற்றி ஒரே திருப்பு. ‘மளுக்!’ முகம் முதுகுப் பக்கம் போய்விடும். நம்மூர்ச் சினிமாவில் இதைச் செய்பவர் சுளுக்கு எடுப்பவர். அமெரிக்கக் கேலிச்சித்திரத்தில் அவர் கைரோபிராக்டர். 1895-இல் டேவன்போர்ட் நகரில் டி.டி. பால்மர் தொடங்கிய வைத்தியத்தின் வாரிசு. சிரிப்பு முழுக்க அந்தச் சத்தத்தில்தான் இருக்கிறது. எலும்பு நொறுங்கியதாகவே காது நம்பிவிடுகிறது.

உண்மையில் சத்தம் போடுவது வாயு. மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான திரவத்தில் கரியமில வாயு முதலியவை கரைந்திருக்கின்றன. மூட்டைச் சட்டென்று இழுத்தால் உள்ளே அழுத்தம் விழுகிறது. சோடா பாட்டிலைத் திறந்ததும் நடப்பதுபோல வாயு வெளிப்படுகிறது. குமிழி உடைவதே சத்தம் என்று 1971-இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் சொன்னார்கள். 2015-இல் கனடாவின் கிரிகரி கவ்சுக் குழு, விரலை எம்.ஆர்.ஐ.க்குள் வைத்து இழுத்துப் படம்பிடித்தது. வாயு இடைவெளி உருவாகும் நொடியில்தான் சத்தம் என்றது. 2018-இல் வந்த ஒரு கணித ஆய்வு மறுபடி குமிழி உடைவதன் பக்கம் சாய்ந்தது. ஒரு விரல் சொடுக்குக்குள் இத்தனை வழக்கு! திருஷ்டி கழிக்கும் பாட்டி நெற்றிப்பொட்டில் விரல் மடக்கி நெட்டி முறிப்பதும் இதே வாயுவைத்தான். வாயு மீண்டும் கரைய ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகும். அதனால்தான் உடனே மறுபடி மடக்கினால் சத்தம் வருவதில்லை.

கழுத்துக்குத் திரும்புவோம். தேனி மாவட்டச் சுருளிப்பட்டித் திராட்சைப் பந்தலின் கீழ் கவாத்து செய்பவர்களும் குலை வெட்டுபவர்களும் கையைத் தூக்கி அண்ணாந்தே நிற்கிறார்கள். மாலையில் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இறுகிப்போன பிடரித் தசை. விலகிய எலும்பு எதுவும் அங்கே இல்லை. ‘மளுக்’ என்றதும் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும். ஆனால் எதுவும் இடம் சேர்ந்துவிடவில்லை.

கேலிச்சித்திரத் திருப்பு ஆந்தைக்குச் சாதாரணம். அது 270 டிகிரி வரை தலையைத் திருப்பும். நம்மால் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 80 டிகிரிதான் முடியும். மூளைக்குப் போகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புத் துளைகளின் வழியே ஏறுகின்றன. ஆந்தைக்கு அந்தத் துளை தமனியைவிடச் சுமார் பத்து மடங்கு அகலம் என்று 2013-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நமக்கு அந்தத் தாராளம் இல்லை. வேகமாகத் திருகினால் தமனியின் உட்சுவர் கிழிந்து, ரத்தம் உறைந்து, பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது. கழுத்தைத் திருகிய பிறகு தலைசுற்றலோ, நாக்குழறலோ, பார்வை இரண்டாகத் தெரிவதோ வந்தால், தைலம் தேய்த்துப் படுக்காமல் அப்போதே தேனி க.விலக்கு அரசு மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.